ஷோகேஸில் இரண்டாம் பாகம்

அன்வர் பாட்சா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் அம்மா புத்தகங்களைப் பங்கு வைத்து முடித்திருந்தாள்.

தப்பு அவன் மேல்தான். அண்ணன் ஜமால் முகமது துபாயிலிருந்து வந்து இறங்கிய அன்று, ஹாலில் பெட்டியின் கயிறு அறுபடுகிற நேரத்தில், அறந்தாங்கியில் விவரமுள்ள தம்பி எவனும் குளிக்கப் போக மாட்டான். பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க மாட்டான். அன்வர் புதுக்கோட்டையில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். வைத்த பொருள் வைத்த இடத்தை விட்டுத் தானாக நகராது என்று பாடத்தில் படித்ததை நம்பிப் போய்விட்டான்.

ஹாலில் பாய் விரித்து அதன்மேல் ஆறு குவியல். சொந்த வீட்டையும் சேர்த்து உறவில் ஆறு வீடு. சோப்பு, தைலம், பேரீச்சம்பழம், பால் பவுடர், வீட்டுக்கு ஒரு டார்ச் லைட். அம்மா ரசியா பேகம் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு குவியலையும் கண்ணால் எடை போட்டாள். ஒரு குவியலிலிருந்து ஒரு சோப்பை எடுத்து இன்னொன்றில் வைப்பாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்ப எடுப்பாள். தங்கம் நிறுக்கிறவன்கூட அவ்வளவு நேரம் யோசிப்பதில்லை.

அந்தக் கவனத்துக்குப் பின்னால் ஒரு போர் இருந்தது. போன முறை ஜமால் வந்தபோது போர்வைகள் கொண்டுவந்தான். கீரமங்கலத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போனது ஒற்றைப் போர்வை, கறம்பக்குடி மாமு வீட்டுக்குப் போனது இரட்டை. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. ஆனால் பெரியம்மா சபுரா பீவி, அம்மாவின் கூடப் பிறந்த அக்கா, கறம்பக்குடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனவள் அங்கே கட்டிலில் கிடந்த போர்வையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அறந்தாங்கிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் பஸ் ஓடியது, பேச்சு ஓடவில்லை. பெருநாள் வாழ்த்துகூடப் பெரியப்பா வாய்வழியாகத்தான் வந்துபோனது. இப்போது ஜமாலுக்கும் கறம்பக்குடி மாமு மகள் ஷிஃபாவுக்கும் கல்யாணம் என்றான பிறகு, பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி அக்கா தங்கச்சியைச் சேர்த்து வைத்திருந்தார்கள். சமாதானம் புதுசு. பூசின சிமென்ட் இன்னும் காயவில்லை.

ஆகவே இந்த முறை எந்த வீட்டுக்கும் எள்ளளவு குறையக் கூடாது. சோப்பு சரியாக வந்தது. டார்ச் சரியாக வந்தது. கடைசியில் பெட்டியின் அடியில் மூன்று தடித்த புத்தகங்கள் கிடந்தன, ஒரே அட்டைக் கூட்டில் செருகி, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணாடித்தாள் சுற்றி. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. தன் வீட்டோடு சேர்த்து ரொம்ப நெருங்கின வீடு மூன்று. மூன்று வீட்டுக்கும் ஆளுக்கொன்று. மீதி மூன்று வீட்டுக்கு அதற்கு ஈடாக ஃபிளாஸ்க்.

அன்வர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றபோது முதல் பாகம் டிவி மேல் இருந்தது. இரண்டாம் பாகம் கீரமங்கலத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் பாகம் அதே காரில் கறம்பக்குடிக்கு. காலியான அட்டைக் கூட்டில் அம்மா தன் பிரஷர் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் அது பொருந்தியது.

"அம்மா, அது மூணும் ஒரே கதைம்மா."

"ஒரே கதைதானே? ஆளுக்குக் கொஞ்சம் படிக்கட்டும்."

"அப்படிப் படிக்க முடியாதும்மா. ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு."

"சோப்பு மூணு சேந்தாப்புலதான் வருது. அதுக்காக மூணையும் ஒரே வீட்டுக்கா தூக்கிக் குடுக்குறோம்?"

இதற்கு இயற்பியலில் பதில் இல்லை. அன்வர் அண்ணனைப் பார்த்தான். அன்வர் கேட்டிருந்த அந்தப் புத்தகங்களுக்காக விமான நிலையத்தில் எடை கூடிப்போய், இரண்டு டப்பா பால் பவுடரை எடுத்துப் பின்னால் நின்ற ராமநாதபுரத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தவன் ஜமால். ஆனாலும் அவன் சூட்கேஸின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத் தேதி குறித்த மாப்பிள்ளை எந்தப் பக்கமும் சாய மாட்டான்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பேச்சுக்கே இடமில்லை. 'படிச்சிட்டுத் தாரேன்' என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் கீரமங்கலத்தில் அதற்கு ஒரே பொருள்தான். போர்வை, இரண்டாம் பாகம்.

அன்வர் முதல் பாகத்தைப் பிரித்து உட்கார்ந்தான்.

கதை இதுதான். மழையே பெய்யாத ஒரு கோள். தரையெல்லாம் உப்பு. விண்கலம் உடைந்து, பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக அங்கே விழுந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் ஒருத்தர்கூட மிஞ்சவில்லை. பிள்ளைகள் குழி தோண்டுகிறார்கள், குடத்தை வரிசையில் வைக்கிறார்கள், வரிசைக்காக அடித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. பின்னட்டையில் 'மனிதக் கற்பனைக்கே எட்டாத உலகம்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்குப் பெயர் ஏப்ரல்.

இருந்தாலும் அவன் சிக்கிக்கொண்டான். கதாநாயகி ஐரா, பொறுமை என்பதே கிடையாதவள். அவளுடைய கூட்டாளி டோவன், நெட்டையன், வாயைத் திறக்க மாட்டான். எல்லாரும் பயந்து ஓடும்போது இவன் மட்டும் உட்கார்ந்து யாருடைய பிய்ந்த செருப்பையாவது தைத்துக்கொண்டிருப்பான். ஓடுகிறவனுக்குச் செருப்பு வேண்டாமா என்பது அவன் கட்சி. அன்வருக்கு டோவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முதல் பாகத்தின் கடைசியில் ஐரா கயிறு கட்டிக்கொண்டு ஒரு பாழுங்கிணற்றுக்குள் இறங்குகிறாள். பாதி ஆழம் போனதும் மேலே ஒரு கை கத்தியால் கயிற்றை அறுக்கத் தொடங்குகிறது. யார் கை என்று தெரியவில்லை. ஒரு புரி அறுந்தது. இரண்டாவது புரி அறுந்தது. புத்தகம் முடிந்தது.

ஆன்லைனில் ஆர்டர் போடப் போனான். 'தற்சமயம் கிடைக்காது.' கல்லூரிக் கூட்டாளி சந்தோஷ் ஒரு லிங்க் அனுப்பி, முழுப் புத்தகமும் இதில் இருக்கிறது என்றான். அமுக்கியதும் ரம்மி ஆட்டம் திறந்தது. அன்றிலிருந்து அன்வரின் போனுக்கு யார் யாரோ கடன் தருவதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஐரா கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற சாக்கில் அன்வர் கீரமங்கலம் போனான்.

பெரியம்மா வீட்டு ஹாலில் ஒரு ஷோகேஸ் உண்டு. சுவரகலத்துக்குத் தேக்கு, கண்ணாடிக் கதவு, பூட்டு. சாவி பெரியம்மாவின் முந்தானை முடிச்சில். மகன் ராஜா முகமது குவைத்துக்குப் போனதிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வந்த எதையும் அந்த வீட்டில் யாரும் உபயோகித்தது கிடையாது. சாமான் வரும், பிரிக்காமல் உள்ளே போகும், பூட்டப்படும். டின்னர் செட் ஒன்று, அத்தர் புட்டிகள், தங்கத்தூள் பூசிய ஒட்டகம், சாக்லேட் டப்பா. அந்தச் சாக்லேட்டின் காலாவதித் தேதியை வைத்துப் பார்த்தால் அதைத் தொல்லியல் துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நடுவில், ஒட்டகத்தின்மேல் சாய்ந்தபடி, பச்சை அட்டையில் இரண்டாம் பாகம். கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை.

அன்வர் ஷோகேஸ் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று பார்த்தான். அட்டையில் ஒரு கிணற்று வாய், அதன் விளிம்பில் ஒரு கை. அது யாருடைய கை என்று தெரியாதபடி ஒட்டகத்தின் திமில் மறைத்தது.

"யாரும் படிக்கலையா பெரியம்மா?"

"படிச்சா அழுக்காயிரும்ல" என்றாள் பெரியம்மா.

அவன் வேறு வழியில் போனான். பெரியம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, தானும் நாலு காயை உரித்துக் கொடுத்து, முதல் பாகத்தை முழுசாகச் சொன்னான். ஆவல் வந்தால் சாவி வெளியே வரும் என்பது கணக்கு. பெரியம்மாவும் நன்றாகத்தான் கேட்டாள். உப்புத் தரையில் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் 'ச்சொ' கொட்டினாள். ஐரா கிணற்றில் தொங்குகிற இடத்தில் உரிக்கிற கை நின்றுவிட்டது.

"யாருடா அறுத்தது?"

"அதுதான் பெரியம்மா, அந்தப் புத்தகத்துல இருக்கு."

பெரியம்மா ஷோகேஸைப் பார்த்தாள். முந்தானையைத் தொட்டாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மொச்சையை எடுத்தாள்.

"இத்தனை தடிப்பயலுக மேல நின்னுக்கிட்டு ஒரு பொம்பளப் புள்ளைய எறக்கிவிட்ருக்கானுக. அங்கயே தெரியலயா?" என்றாள். அவளைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் சந்தோஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவனுக்கும் கீரமங்கலம்தான் ஊர். வெறும் கண்ணாடிக் கதவுதானே, உடைக்கக் கல் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான்.

அடுத்த அடி கறம்பக்குடியிலிருந்து விழுந்தது. கல்யாணம் நெருங்கினால் பெண்ணை வெளியே விட மாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே கிடந்த ஷிஃபா, போது போகாமல், கையில் கிடைத்த மூன்றாம் பாகத்தையே எடுத்துப் படித்து முடித்துவிட்டாள். ஜமாலின் போனுக்கு அவள் பேசியபோது எடுத்தது அன்வர். அண்ணன் கட்டிக்கொள்ளப் போகிறவள், அதனால் நிச்சயமான நாளிலிருந்தே அவன் அவளை மச்சி என்றுதான் கூப்பிடுவது.

"அன்வர், ஒன்னயத்தான் கேக்கணும்னு இருந்தேன். ஐராவுக்கு ஒரு கை எப்பப் போச்சு?"

"கையா?"

"மூணாவதுல மொதப் பக்கத்துலேருந்தே அவளுக்கு ஒரு கைதான். யாரும் அதப் பத்திப் பேசவே இல்ல."

சரி, உயிரோடு இருக்கிறாள் என்று அன்வர் மனசைத் தேற்றிக்கொண்டான். டோவன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தான், சொந்தக்காரனை விசாரிப்பதுபோல.

"யாரு டோவன்?"

"நெட்டையா இருப்பானே மச்சி. செருப்புத் தைப்பான்."

"அப்படி ஒரு ஆளே இல்லையே. புத்தகம் பூரா எங்கிட்டுமே இல்ல." ஷிஃபா கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒண்ணு. ஐரா தெனம் காலையில ஒரு கல்லு மேல ஒரு மொடக்குத் தண்ணி ஊத்துறா. குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல. ஏன்னு ஒருத்தரும் கேக்கல."

அன்வர் அன்று மதியம் சாப்பிடவில்லை. அண்ணன் கல்யாணம் என்றதும் தம்பிக்கு மனசு கனத்துப்போயிற்று என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டில் அக்காவும் தங்கச்சியும் ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டில், எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பெரியம்மா நல்ல கறித்துண்டாகப் பார்த்து அம்மா பக்கம் தள்ளினாள். அம்மா அதைப் பெரியம்மா பக்கம் தள்ளினாள். துண்டு நடுவிலேயே ஆறிப்போய்க் கிடக்க இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பார்த்தவர்களும் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அன்பளிப்புகளைப் பிரித்தார்கள். ஹாலில் பெண்கள் கூட்டம். புதுப்பெண் ஷிஃபா தலை குனிந்து நடுவில். வரிசையாகச் சுவர்க் கடிகாரங்கள் வந்தன. பிறகு வெள்ளி நட்சத்திரம் போட்ட ரோஸ் நிறத் தாள் சுற்றிய ஒரு பொட்டலம். கீரமங்கலம் என்றார்கள். அம்மா அதைத் தன் கையாலேயே பிரித்தாள்.

உள்ளே பச்சை அட்டை. கிணற்று வாய். கண்ணாடித்தாளில் ஒட்டகத்தின் தங்கத்தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று அன்வருக்கு நொடியில் புரிந்துவிட்டது. பெரியம்மா எந்த விசேஷத்துக்கும் கடையில் வாங்குவதில்லை, ஷோகேஸைத்தான் திறப்பாள். அத்தனை வெளிநாட்டுச் சாமானில் எது குவைத் மகன் அனுப்பியது, எது அறந்தாங்கியிலிருந்து வந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கல்யாண அவசரத்தில், கனமாக இருந்தது, பளபளப்பாக இருந்தது, எடுத்துச் சுற்றிவிட்டாள். கொடுத்த பொருள் கொடுத்த வீட்டுக்கே திரும்பி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஹாலில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஒற்றைப் போர்வையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

அம்மா புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது நாம குடுத்ததுல்ல?" என்றாள், ரொம்ப மெதுவாக. அம்மா கத்தினால் பயமில்லை.

அன்வருக்கு அந்தப் புத்தகம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. ஆமாம் என்றால் அது இனி இந்த வீட்டில்தான், வேண்டுமட்டும் படிக்கலாம். ஆனால் புதுப்பெண் வந்த முதல் நாளிலேயே கீரமங்கலம் பாதை மறுபடி அடைபடும்.

"இல்லம்மா" என்றான். "இது வேற."

"பச்ச அட்ட. கெணறு."

"பெரியம்மா புதுசா வாங்கிருக்காங்கம்மா. நான் அன்னிக்கிப் போயி கதை சொன்னேன்ல, அதக் கேட்டு."

அம்மா நம்புகிற மாதிரித் தெரியவில்லை. அப்போது ஷிஃபா குனிந்த தலை நிமிராமல் வாயைத் திறந்தாள்.

"ஆமா மாமி. இது வேற எடிஷன்."

எடிஷன் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்த மருமகள் முதன்முதலாக ஒரு வார்த்தை பேசியிருக்கிறாள், அதுவும் இங்கிலீஷில். நாலு பேர் முன்னால் அதை மறுப்பது முறையில்லை.

"அப்ப நாம குடுத்தது அவ வீட்லதான இருக்கும்?"

"ஷோகேஸ்ல இருக்கும்மா. ஒட்டகத்துக்குப் பக்கத்துல."

"வெள்ளிக்கெழம விருந்துக்குக் கூப்ட்ருக்கா. போறப்பப் பாத்துக்கிறேன்" என்றாள் அம்மா, அடுத்த கடிகாரத்தைப் பிரித்தபடி.

அன்வர் புத்தகத்தோடு மாடிக்குப் போனான். கண்ணாடித்தாளை நகத்தால் கிழித்து உருவியபோது போன் அடித்தது.

"தம்பி, பக்கத்துல ஒங்கம்மா இருக்காளா?" பெரியம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இல்ல பெரியம்மா, மாடில இருக்கேன்."

"ஷோகேஸ்ல ஒட்டகம் மட்டும் தனியா நிக்கிதுடா."

"தெரியும் பெரியம்மா."

"அவ பாத்துட்டாளா?"

நடந்ததைச் சொன்னான். மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சும், நீ நல்லா இருப்ப என்ற துஆவும் வந்தன. கூடவே உத்தரவும் வந்தது. வெள்ளிக்கிழமை வரும்போது எப்படியாவது மறைத்துக் கொண்டுவந்துவிட வேண்டும், அவள் வாசலிலேயே நிற்பாள். பிரித்துவிட்டதாக அன்வர் சொன்னதற்கு, பிரித்தால் பிரித்துக்கொள், பொருள் வந்தால் போதும் என்றாள். அந்த வீட்டு வரலாற்றில் பிரித்த சாமான் ஷோகேஸுக்குள் போவது அதுவே முதல் தடவை.

கல்யாண வீட்டில் ஒரு தம்பிக்கு இருக்கிற வேலை ஒட்டகத்துக்குக்கூடக் கிடையாது. வாடகை நாற்காலிகளைத் திருப்பிவிடப் போன வேனில் நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தான். சமையல்காரர் அண்டா கணக்குக் கேட்டபோது பதில் சொல்லிக்கொண்டே படித்தான். கை போன விதம் தெரிந்தது. கயிறு அறுந்ததும் ஐரா விழவில்லை, கிணற்றுச் சுவரில் நீண்டிருந்த ஒரு பாறைக் கொம்பில் மிச்சக் கயிறு மாட்ட, அது சுற்றியிருந்த கையோடு ஒரு பகல் முழுக்கத் தொங்கினாள். அடுப்படிப் பக்கம் போகும்போதெல்லாம் ஷிஃபா தாழ்ந்த குரலில் கேட்பாள், "போயிருச்சா?" "போயிருச்சு மச்சி." இதைத் தற்செயலாகக் கேட்ட ஜமால், என்ன போய்விட்டது என்று தெரியாமல் வீடு முழுக்க எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

ஆனால் அறுத்தவன் யார் என்பதை மட்டும் அந்த எழுத்தாளர் கடைசி அத்தியாயம் வரைக்கும் சொல்லவில்லை. டோவன் பேசாமல் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை கார் வந்து வாசலில் ஹாரன் அடித்தபோது அன்வர் கடைசி அத்தியாயத்தின் தலைப்பில் இருந்தான். பக்கத்தின் முனையை மடித்து, புத்தகத்தை வாழைப்பழப் பைக்குள் சீப்புகளுக்கு அடியில் சொருகினான்.

கீரமங்கலத்தில் பெரியம்மா சொன்னபடியே வாசலில் நின்றாள். காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையையும் பெண்ணையும் தாண்டி ஓடிவந்து, அன்வர் கையிலிருந்த வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு வாழைப்பழத்தின்மேல் அவ்வளவு பிரியம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அம்மா செருப்பைக் கழற்றி, பெரியப்பாவுக்கு சலாம் சொல்லி, ஹாலுக்குள் வருவதற்குள் ஒட்டகத்தின்மேல் பச்சை அட்டை சாய்ந்திருந்தது.

விருந்து முடிந்தது. அம்மா கை கழுவி, துடைத்து, நேராக ஷோகேஸ் முன்னால் போய் நின்றாள். அன்வர் தண்ணீர் டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டான்.

"பத்தரமா வச்சிருக்கியேக்கா" என்றாள் அம்மா.

"ஒம் மவன் அம்புட்டுத் தூரம் சுமந்துட்டு வந்ததாச்சே."

"தெற, பாப்போம்."

பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்க ரொம்ப நேரம் ஆனது. அம்மா புத்தகத்தை எடுத்துத் தடவினாள்.

"கண்ணாடித்தாளு இல்லையே. பிரிச்சியா?"

அந்த வீட்டில் அதுவரை ஒரு சோப்புகூடப் பிரிக்கப்பட்டதில்லை என்பது மாவட்டத்துக்கே தெரியும். பெரியம்மா நிமிர்ந்து நின்றாள்.

"படிச்சேன்" என்றாள்.

பெரியப்பாவுக்குப் புரை ஏறியது. பெரியம்மா பள்ளிக்கூடம் போனது நாலாம் வகுப்பு வரைக்கும், அதுவும் தமிழில்.

"என்ன கதைக்கா?" அம்மா அப்படியே ஷோகேஸ் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். நகர்கிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.

பெரியம்மா அன்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். அன்றைக்கு மொச்சை உரிக்கும்போது கேட்ட கதை ஒரு சொல் சிந்தாமல் வந்தது. அவன் சொன்னதைவிட நன்றாகவே இருந்தது என்று அன்வரே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஐரா கிணற்றுக்குள் இறங்கினாள். கயிறு அறுந்தது. அங்கே வந்து பெரியம்மாவின் கதையும் தொங்கியது.

"அப்பறம்?" என்றாள் அம்மா.

"கை போயிருச்சுல்ல மாமி?" என்று ஷிஃபா எடுத்துக் கொடுத்தாள்.

"அதச் சொல்லத்தான வாரேன். கை போயிருச்சு. ஒத்தக் கையோட ஏறி வருது அந்தப் புள்ள. வந்து பாத்தா அவ ஆத்தாக்காரி தேடிக்கிட்டு வந்து நிக்கிறா..."

"அங்க பெரியவங்களே யாரும் இல்லைனு அன்வர் சொன்னானே பெரியம்மா" என்றான் ஜமால். எதிலும் சாயாமல் இருந்தவன், சாயக் கூடாத நேரம் பார்த்துச் சாய்ந்தான்.

பெரியம்மா அசரவில்லை. "அதனாலதான் வெளங்கல. பெரியவங்க இல்லாத எடத்துல அப்படித்தான், ஒருத்தன் கயித்த ஒருத்தன் அறுத்துக்கிட்டுக் கெடப்பானுக."

"அறுத்தது யாருக்கா?"

"அது கடைசில வருது. கடைசிய இன்னும் படிக்கல. கண்ணு மங்கலா இருக்கு." பெரியம்மா புத்தகத்தை அம்மா கையிலிருந்து வாங்கி நீட்டினாள். "டே அன்வரு, மடிச்சு வச்சிருக்கேன் பாரு. அதுலேருந்து படி."

அன்வர் மடித்த பக்கத்தைத் திறந்தான். ஹாலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் பார்த்துத் தமிழில் சொன்னான்.

அறுத்தது டோவன்தான். கிணற்று விளிம்பு இடிந்து, மேலே கயிற்றைப் பிடித்திருந்த பிள்ளைகளையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் போவதா, ஒருத்தி போவதா என்று யோசிக்க நேரமில்லை. அறுத்துவிட்டான். கயிறு தானாக அறுந்தது என்று மற்றவர்கள் நம்பினார்கள், அவனும் சொல்லவில்லை. இப்போது ஐராவிடம் மட்டும் வந்து சொல்கிறான். சொல்லிவிட்டு, அவளுடைய செருப்பைத் தைத்துக் கொடுக்கிறான். என் பெயரை எடுத்தால் இங்கே இரண்டு கட்சி உண்டாகும், அடித்துக்கொண்டு சாவீர்கள், அதனால் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள் என்கிறான். தன் பங்குத் தண்ணீரை ஒரு கல்மேல் வைத்துவிட்டு உப்புத் தரையில் நடந்து போய்விடுகிறான். அவ்வளவுதான் இரண்டாம் பாகம்.

கடைசி வரியைச் சொல்லும்போது அன்வருக்குக் குரல் கொஞ்சம் பிசிறியது. கல்லின்மேல் ஊற்றிய தண்ணீர் யாருக்கு என்று தெரிந்துபோன ஷிஃபா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"தண்ணியாவது எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள் பெரியம்மா. "யாரு பெத்த புள்ளையோ."

அம்மா புத்தகத்தை வாங்கி மூடி, முனை மடிப்பை நிமிர்த்திவிட்டு, தானே ஒட்டகத்தின்மேல் சாய்த்து வைத்தாள். அன்வர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டுமே என்று பெரியம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"அவனுக்கு எதுக்குக்கா இது? நீ புதுசா வாங்கிக் குடுத்தது ஒண்ணு அவன்கிட்ட இருக்குல்ல" என்றாள் அம்மா. பெரியம்மா பூட்டினாள்.

திரும்பி வரும்போது அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் தாண்டியதும் பேசினாள்.

"அந்த ரோஸ் பேப்பர், சமாதானம் பேசப் போனன்னிக்கு நான் பண்டம் சுத்திக்கிட்டுப் போனது. ஒட்டுன டேப்புகூட அப்படியே இருந்துச்சு. புதுசா வாங்குனவ பழைய பேப்பர்லயா சுத்துவா?"

பின் சீட்டிலிருந்து அன்வர் முன்னால் சாய்ந்தான்.

"தெரிஞ்சேவாம்மா சும்மா இருந்தே?"

"அவ ஷோகேஸ்ல ஒரு டின்னர் செட்டு இருக்கு பாத்தியா? நான் குடுத்தது. அத மொதல்ல எனக்குக் குடுத்தது யாருங்கிறே? அவதான். அவ ஒரு வார்த்த கேட்டாளா?" அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "போர்வை வேற. போர்வைய ஊரே பாத்துச்சு."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி திரும்பினாள்.

"டே அன்வரு. அண்ணன் அடுத்த தடவ வரும்போது, ஆறு பாகமா வர்ற கதை எதும் இருக்கான்னு பாரு. ஃபிளாஸ்க் வாங்குன வீடுகள்ல மொகம் சரியில்ல."